முடிந்தது என்று யார் சொன்னது?

தேடி முடிக்கும் முன்பே குற்றவாளி என்று என்னைக் கைகாட்டினார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து ஆபீசில் எனக்கு வாய்க்காரி என்று பெயர். இருந்துவிட்டுப் போகட்டும். அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எங்கள் ஆபீஸ் திருநெல்வேலி டவுணில் ரத வீதி ஒன்றில், ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. சாஃப்ட்வேர் கம்பெனி என்றதும் கங்கைகொண்டான் ஐ.டி. பூங்காவின் கண்ணாடிக் கட்டடத்தை மனதில் வரைந்துகொள்ள வேண்டாம். கீழே சேலைகளை உதறி விரித்து வியாபாரம் நடக்கும். மேலே நாங்கள் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருப்போம். கடையும் கம்பெனியும் ஒரே குடும்பத்துடையவை. எங்கள் முதலாளி கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து மாடியைப் பிடித்துக்கொண்டவர். தொழில் மாறினாலும் அழைப்பு மாறவில்லை. கீழே இருப்பவர்களும் மேலே இருப்பவர்களும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறோம். அவரும் புரோகிராமைப் பற்றித் துணியைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசுவார். "சாயம் போகாதுல்லா?" என்று கேட்டாரானால், நீ இன்று எழுதியது நாளைக்கும் ஓடுமா என்று அர்த்தம்.

மருந்துக்கடைகளுக்கு பில் போடுகிற சாஃப்ட்வேர்தான் எங்கள் சரக்கு. குழந்தை பிறந்து சில வருஷம் வீட்டில் இருந்துவிட்டு நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். பிறந்தது ராதாபுரம் பக்கம். தண்ணீர் இல்லாத ஊர்க்காரி என்று ஆற்றங்கரைக்காரர்கள் என்னைக் கிண்டல் செய்வார்கள். நானும், தண்ணீர் குடித்து வளர்ந்த உங்கள் மூளை ஏன் இவ்வளவு காய்ந்து கிடக்கிறது என்று திருப்பிக் கேட்பேன். வேலை தற்காலிகம்தான். அண்ணாச்சி ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். இடையில் சில வருஷம் வேலை பார்க்காத பெண்ணுக்கு அந்தக் கையெழுத்து எவ்வளவு பெரிது என்பது அந்த இடைவெளியை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். நேர்காணலுக்குப் போன இடத்திலெல்லாம், இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டவர்கள் முகங்கள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இங்கே என் பெயர் கெட்டால் மறுபடி அந்த முகங்களுக்கு முன்னால் போய் உட்கார வேண்டும்.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. புரோகிராமில் தப்பு ஒன்று கிளம்பி, அது யாருடைய மாற்றத்தால் வந்தது என்று கண்டுபிடித்துவிட்டால், அந்த ஆள் எல்லாருக்கும் உளுந்த வடை வாங்க வேண்டும். அண்ணாச்சி தன் அறைக்குள்ளிருந்தபடியே, "யாருவே அது?" என்று குரல் கொடுப்பார். சார் ஆளைச் சொல்வார். சார் என்றால் எங்கள் குழுத் தலைவர். சொன்னதும் எல்லாரும் சிரிப்போம். தெருமுனைக் கடையிலிருந்து வடை வரும். விளையாட்டுதான், ஆனால் அடிக்கடி வடை வாங்குகிற ஆளின் முகம் அண்ணாச்சியின் மனதில் பதிந்துவிடும். கையெழுத்துப் போடும் நேரத்தில் அந்த முகம் வந்து நிற்கும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

ஒருநாள் காலையில் பாளையங்கோட்டைக் கடைக்காரர் ஒருவர் போன் செய்து கத்தினார். காலாவதியான இருமல் மருந்து ஒன்றை எங்கள் சாஃப்ட்வேர் ஒரு மறுப்பும் சொல்லாமல் பில் போட்டுவிட்டது. வழக்கமாகத் திரை சிவந்து, விற்கக் கூடாது என்று தடுக்கும். அன்று தடுக்கவில்லை. பாட்டிலைப் பொட்டலம் கட்டும்போது அவர் கண்ணில் தேதி பட்டதால் தப்பித்தது. வாங்க வந்தவள் இடுப்பில் கைக்குழந்தை இருந்ததாம். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. போனை எடுத்தவள் நான்தான். என் வீட்டிலும் இருமுகிற குழந்தை உண்டு.

முந்தைய மாதம் வரை அந்தத் தடுப்பு ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது. இடையில் நாங்கள் செய்த ஏராளமான மாற்றங்களில் ஏதோ ஒன்று அதைக் கெடுத்திருக்கிறது. எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. புரோகிராமில் யார் என்ன மாற்றினாலும், மாற்றத்துக்கு மாற்றம் வரிசையாகச் சேமித்து வைக்கிற கருவி ஒன்று இருக்கிறது. வெர்ஷன் கண்ட்ரோல் என்பார்கள். பழையதில் நன்றாக இருந்த ஒரு நிலையையும் இப்போது கெட்டிருக்கிற நிலையையும் அதனிடம் சொல்லிவிட்டால், இரண்டுக்கும் நடுவில் உள்ள ஒரு நிலைக்கு நம்மைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தும். நாம் அங்கே சோதித்துப் பார்த்து, நல்லது அல்லது கெட்டது என்று பதில் சொல்ல வேண்டும். பதிலுக்கு ஏற்ப ஒரு பாதியைத் தள்ளிவிட்டு மறுபாதியின் நடுவுக்குக் கூட்டிக்கொண்டு போகும். இப்படியே குறுக்கிக் குறுக்கி, கெடுத்த மாற்றத்தை ஒன்றாகப் பிடித்துக் கொடுக்கும்.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்குப் புதிதாகவே தோன்றவில்லை. எங்கள் ஊரில் கிணற்று மோட்டாரிலிருந்து தோட்டம் வரைக்கும் குழாய் மண்ணுக்குள் போகும். தோட்டத்தில் தண்ணீர் விழவில்லை என்றால் முழு நீளத்தையும் யாரும் தோண்டமாட்டோம். நடுவில் ஓரிடத்தில் தோண்டி, அங்கே தண்ணீர் வருகிறதா என்று பார்ப்போம். வந்தால் உடைப்பு அதற்கு அப்பால். வராவிட்டால் இப்பால். கடைசியில், இந்த இணைப்புவரை வருகிறது, அடுத்த இணைப்புக்கு வரவில்லை என்று இரண்டையும் கண்ணால் பார்த்த பிறகுதான் உடைப்பு இங்கே என்று சொல்வோம். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுச் சொன்னால் வீணாக நல்ல குழாயை அறுக்க வேண்டியிருக்கும்.

சார் காலையிலிருந்தே உட்கார்ந்து தேடினார். அவர் கெட்டவர் இல்லை. பேராசிரியர் வீட்டுப் பிள்ளை, யாரையும் மரியாதை குறைத்துப் பேசமாட்டார். சோதனை ஒவ்வொன்றுக்கும் பழைய நிலைக்குப் போய், கடையின் சரக்கு விவரத்தை ஏற்றி, காலாவதியான மருந்தின் பார்கோடை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். பொறுமை தின்கிற வேலை. மதியச் சாப்பாட்டைக்கூட அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நடுவில் இரண்டு தடவை மின்சாரம் வேறு போய் வந்தது.

மாலை நெருங்கும்போது நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு நிமிர்ந்தார்.

"முடிஞ்சிட்டு," என்றார்.

"யாருவே அது?" என்று உள்ளேயிருந்து அண்ணாச்சி.

சார் என் பக்கம் திரும்பவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே, "நம்ம மேடம் போட்ட மாற்றந்தான் அண்ணாச்சி," என்றார்.

என்ன கொடுமை என்றால், அவர் சொன்னதை ஒரு நிமிஷம் நானே நம்பிவிட்டேன். காரணம் இருந்தது. மருந்து அட்டையில் மாதமும் வருஷமும் மட்டும்தான் அச்சிட்டிருக்கும், தேதி இருக்காது. அந்த மாதம் முடியும் வரை மருந்தை விற்கலாம். எங்கள் புரோகிராம் மாதம் பிறந்த அன்றைக்கே தடுத்து நிறுத்தி, கடைக்காரர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்தவள் நான். காலாவதிப் பக்கம் கை வைத்தவள் நான் என்றால், கெடுத்தவளும் நானாகத்தானே இருக்க வேண்டும்? சுற்றி இருந்தவர்களின் முகத்திலும் அந்தக் கணக்குதான் தெரிந்தது.

"அப்ப வடை சொல்லிருங்க," என்றார் அண்ணாச்சி. யாரோ போனில் சொல்லியும் விட்டார்கள். "நாளைக்குக் காலைல அந்த மாற்றத்த எடுத்துட்டு, சரியாயிட்டுன்னு கடைகளுக்குச் சொல்லிருவோம்."

நான் எழுந்து சாருடைய மேஜைக்குப் போனேன். அழுகை வருமோ என்று பயந்துதான் எழுந்தேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்திருந்தால் வந்திருக்கும். போய்த் திரையைப் பார்த்தேன். கறுப்புத் திரையில், மற்ற எல்லா வரிகளையும் போன்ற அதே வெள்ளை எழுத்தில் கடைசி வரி இருந்தது. இதற்குப் பிறகு சோதிக்க வேண்டியவை மீதி 0 என்று அதற்கு அர்த்தம். கீழே என் மாற்றத்தின் தலைப்பு.

"சார், முடிஞ்சிட்டுன்னு அது சொல்லுதா, நீங்க சொல்லுதியளா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மீதி சைபர்னு போட்டிருக்கு. இன்னும் என்னத்த சொல்லணும்? மேளம் அடிக்கணுமா?"

"அடிக்கட்டும் சார். அடிச்சா என்ன தப்பு? இதுக்குப் பொறவு சைபர்னுதான போட்டிருக்கு. இது இன்னும் இருக்குல்லா. இத நீங்க சோதிச்சியளா?"

அவர் சோதித்திருக்கவில்லை. கருவி அவரை என் மாற்றத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, இதையும் பார்த்துச் சொல் என்று காத்துக்கொண்டிருந்தது. அவர் அதையே தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டார். விசாரணைக்கு வந்தவளைப் பார்த்துவிட்டு, கூண்டில்தானே நிற்கிறாள், தண்டனை கொடுத்துவிடலாம் என்று முடிவு கட்டியது போல. நான் கொதித்துப் போனேன். இவர் மேல் பாதி, அந்தக் கருவி மேல் பாதி.

சத்தம் கேட்டு அண்ணாச்சி அறையை விட்டு வெளியே வந்தார். "ஏம்மா, ஒரு வடைக்கா இந்தச் சண்ட?"

"வடைக்கு இல்ல அண்ணாச்சி. நாளைக்கு என் மாற்றத்த எடுத்துட்டு, சரியாயிட்டுன்னு எல்லாக் கடைக்கும் சொல்லப் போறிய. நெசமான தப்பு உள்ளேயே கெடந்தா? அடுத்த பிள்ளைக்கும் எக்ஸ்பயரி மருந்துதான் போகும்."

"அப்ப ஒன் மேல தப்பு இல்லங்குதியா?"

"எனக்குத் தெரியாது. சாருக்கும் தெரியாது. அதத்தான் சொல்லுதேன்."

என் பக்கத்து நாற்காலிக்காரி ஒருத்தி உண்டு. அம்பாசமுத்திரத்துப் பெண், என்னைவிடச் சின்னவள், அக்கா அக்கா என்று ஒட்டிக்கொண்டிருப்பாள். அவள் மெதுவாக, "அந்த ஒண்ணையும் பாத்துருவோமே சார், அக்கா சொல்லுதது சரிதானே," என்றாள். அந்த ஆபீசில் அன்று எனக்காக எழுந்த ஒரே குரல் அது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சார் வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தார். சரக்கு விவரம் ஏறிக்கொண்டிருக்கும்போதே வடை வந்துவிட்டது. செய்தித்தாளில் எண்ணெய் ஊற, மேஜை நடுவில் இருந்தது. யாரும் கை வைக்கவில்லை. தப்பு என்னுடையதாக இருந்துவிட்டால், வாய் பேசிய பாவத்துக்கும் சேர்த்து வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும். ஆனாலும் சொல்கிறேன், அந்தச் சில நிமிஷத்தில் நான் பின்வாங்க நினைக்கவில்லை. கெட்டது என்று வந்தால் வரட்டும், தலையை நிமிர்த்திக்கொண்டு வடையைப் பரிமாறுவேன் என்றே நின்றேன்.

சார் இருமல் மருந்தின் பார்கோடை ஸ்கேன் செய்தார். திரை சிவந்தது. விற்கக் கூடாது என்று தடுத்தது.

என் மாற்றம் நல்லது.

அவர் நல்லது என்று தட்டினார். அப்போதுதான் கருவி உண்மையாகவே முடித்தது. எப்படி முடித்தது தெரியுமா? அதே கறுப்புத் திரை, அதே வெள்ளை எழுத்து. எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு நீளக் கோர்வை, அதையடுத்து இதுதான் முதல் கெட்ட மாற்றம் என்று ஒரு வரி. அதற்குக் கீழே மாற்றத்தைச் செய்தவரின் பெயர். எனக்கு அடுத்தபடியாக வரிசையில் நின்ற மாற்றம் அது. பெயர் என் பக்கத்து நாற்காலிக்காரியுடையது.

ஜெயித்துவிட்டேன் என்று ஒரு கணம் துள்ளிய மனசு, அவள் முகத்தைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் அதே போல ஒரு கடிதம் கையெழுத்துக்குக் காத்திருந்தது. கடைசிச் சோதனையைச் செய்யச் சொன்னவளும் அவள்தானே.

"நானே சரி பண்ணிருதேன் சார்," என்று சாருடைய நாற்காலியில் உட்கார்ந்து, அவசரமாகத் தட்ட ஆரம்பித்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன். அந்தக் கருவி தேடி முடித்த பிறகும் நம்மை இன்றைய நிலைக்குத் திருப்பிக் கொண்டுவந்து விடாது. பழைய நிலையிலேயே நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கும். அங்கேயே நின்று எழுதினால், எழுதியது எந்த வரிசையிலும் சேராமல் அந்தரத்தில் தொங்கும். பிறகு தேடினால் கிடைப்பது கஷ்டம்.

"மொதல்ல இங்கனருந்து வெளிய வா. பொறவு பைய எழுதலாம். ஒண்ணும் முழுகிப் போகல," என்றேன். அவள் தலையாட்டினாள். தேடலை முடித்து இன்றைக்கு வந்தோம்.

சார், சூழ்நிலையை லேசாக்குவதாக நினைத்துக்கொண்டு சிரித்தார். "சரி, வடைக்கு ஆள் மாறிட்டு."

எனக்கு இரண்டாம் முறை கோபம் வந்தது. முதல் கோபத்தைவிட இதுதான் பெரிது. அவள் செய்த மாற்றம் என்ன என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படித்துக் காட்டினேன். மருந்தைப் பட்டியலில் தேடி எடுக்கும்போது ஒருமுறை காலாவதி பார்க்கிறோம், பார்கோடை ஸ்கேன் செய்யும்போது ஒருமுறை பார்க்கிறோம். ஒரே வேலையை இரண்டு இடத்தில் செய்கிறோம் என்று நினைத்து அவள் இரண்டாவதை எடுத்துவிட்டாள். ஸ்கேன் செய்கிற மருந்து பட்டியல் வழியாக வருவதே இல்லை என்பது அவளுக்குத் தோன்றவில்லை. எதற்கு எடுத்தாள்? கூட்ட நேரத்தில் பில் மெதுவாக வருகிறது, எதையாவது குறை என்று அவளை விரட்டியது யார்?

"அண்ணாச்சிதான கேட்டிய, வேகமா வரணும்னு?"

அண்ணாச்சி மீசையைத் தடவினார்.

"எழுதினத வாசிச்சுப் பாத்து, சரி, சேத்துக்கிடலாம்னு போட்டது யாரு சார்?"

போட்டது சார்தான். எந்த மாற்றமும் அவர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் உள்ளே போகாது.

"அப்ப ஒத்த ஆளு பேர வச்சு எதுக்கு வடை? வாங்குனா மூணு பேரும் வாங்கணும். இல்ல, யாரும் வாங்க வேண்டாம்."

கீழே ஜவுளிக்கடையில் யாரோ ஜரிகைக் கரையின் அருமையை விளக்கிக்கொண்டிருந்த குரல் மட்டும் மேலே வந்தது. நான் மேஜைக்குப் போய், ஆறிப்போன ஒரு வடையை எடுத்துக் கடித்தேன். இன்னொன்றை எடுத்து அவள் கையில் வைத்தேன். பசியும் இருந்தது, வீம்பும் இருந்தது. மற்றவர்களும் ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டார்கள். எண்ணெய் பிசுபிசுத்த வடைதான், ஆனால் அவ்வளவு ருசியாக நான் சாப்பிட்டதில்லை. அன்று விளக்கு வைக்கும் முன்பே அவளும் நானும் தப்பைச் சரிசெய்து, சார் பார்த்து, கடைகளுக்கு அனுப்பிவிட்டோம்.

கதை அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்கமாட்டேன். எனக்கு அந்தக் கருவி மேல் இருந்த கோபம் தணியவில்லை. அதைச் செய்கிறவர்கள் வெளிநாடுகளில் சிதறிக் கிடக்கும் கெட்டிக்காரர்கள். யார் வேண்டுமானாலும் அவர்களுக்குக் குறை எழுதலாம். எழுதினேன். தேடல் முடியாதபோது முடியவில்லை என்று சொல்லுங்கள், இந்த ஒன்று பாக்கி இருக்கிறது, இதைச் சோதித்துவிட்டு வா என்று சொல்லுங்கள். முடிந்தால் முடிந்தது என்று வேறு எந்த வரியோடும் குழம்பாத மாதிரி அறிவியுங்கள். நீ இன்னும் பழைய இடத்தில்தான் நிற்கிறாய், திரும்பிப் போ என்று ஒரு வார்த்தை சேருங்கள். இவ்வளவுதான் கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன்.

பதில் மரியாதையாகத்தான் வந்தது. எல்லாம் கையேட்டில் எழுதியிருக்கிறதாம். பலருடைய தானியங்கி வேலைகள் அந்த வரியை அப்படியே எதிர்பார்த்து ஓடுவதால் அதைத் தொடுவது கஷ்டமாம். கையேட்டைப் படித்தவர்களுக்குப் புரியுமாம். எங்கள் சாரும் கையேட்டைப் படித்தவர்தான். பசியும் களைப்புமாக இருக்கிற ஒரு மனுஷன் கண்ணில், சைபர் என்ற எண் பட்டால் முடிந்துவிட்டது என்றுதான் தோன்றும். மனுஷன் எப்போது களைத்திருப்பானோ அப்போதுதான் தேடலும் கடைசிக்கு வந்திருக்கும். அந்த நேரத்துக்கான வார்த்தையை அல்லவா எல்லாவற்றையும்விடப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்க வேண்டும்? இதையும் எழுதி அனுப்பினேன். அதற்குப் பதில் வரவில்லை.

சரி, நீங்கள் செய்யாவிட்டால் போங்கள் என்று நானே ஒரு சின்ன புரோகிராம் எழுதி, எங்கள் ஆபீசில் எல்லாருடைய கணினியிலும் அந்தக் கருவிக்கு முன்னால் நிறுத்திவிட்டேன். கருவி பேசுவதைக் கேட்டு, எங்கள் ஊர்ப் பேச்சில் இது திருப்பிச் சொல்லும். கடைசி ஒன்று பாக்கி இருக்கும்போது, மஞ்சள் நிறத்தில், திரையின் பாதியை அடைத்துக்கொண்டு இப்படிப் போடும்: "இன்னும் முடியல. இந்த ஒண்ணையும் பாத்துட்டுப் பேசு." முடிந்ததும் பச்சையில்: "முடிஞ்சிட்டு. தப்பு இந்த மாற்றத்துல இருக்கு." கீழே என்ன மாறியது என்று வரிகள். அதற்கும் கீழே: "நீ நிக்கது பழைய எடம். திரும்பி வா."

செய்தவரின் பெயரை மட்டும் எடுத்துவிட்டேன். மறைக்கவில்லை. வேண்டும் என்கிறவர்கள் மாற்றத்தைத் திறந்து உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். கண்டுபிடித்த அந்த முதல் நிமிஷத்தில் எல்லாரும் படிக்க வேண்டியது என்ன கெட்டது என்பதை. பெயர் முன்னால் நின்றால் ஒருவரும் அதற்குக் கீழே படிப்பதில்லை, வடைக்குப் போன் செய்யப் போய்விடுகிறார்கள்.

சார் முதலில் முகம் சுளித்தார். பிறகு அவரும் பயன்படுத்த ஆரம்பித்தார். அண்ணாச்சிக்குத்தான் ஆகவில்லை. சில வாரங்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் என் கடிதம் இருந்தது. நான் பார்க்க வேண்டும் என்றே வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். பக்கத்து நாற்காலிக்காரியின் கடிதத்தில் முந்தைய வாரமே கையெழுத்தாகிவிட்டது. அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

"ஒன் வேலையில ஒரு கொறையும் இல்ல," என்றார். "அந்தப் பேர மட்டும் பழையபடி போட்டுரு. கஸ்டமர் கேக்கான், யாரு பண்ணினதுன்னு. நான் என்னத்த சொல்ல?"

"கம்பெனி பண்ணிச்சுன்னு சொல்லுங்க அண்ணாச்சி."

"பேரு இருந்தாத்தான பயம் இருக்கும்?"

"பயந்துதான் அன்னைக்கு எல்லாரும் பேசாம இருந்தாவ. பேசாம இருந்தா என் மாற்றத்த எடுத்துருப்பிய, தப்பு உள்ளேயே கெடந்திருக்கும்."

அவர் பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டார். "இப்பவே கையெழுத்துப் போட்டுருதேன். போயி அத மாத்திட்டு வா."

அந்தப் பேனாவைப் பார்த்தேன். வீட்டில் சொன்னால் எல்லாரும் எவ்வளவு சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன். பழைய நேர்காணல் முகங்களையும் நினைத்தேன். ஆசை இல்லாமல் இல்லை.

"மாத்த மாட்டேன் அண்ணாச்சி."

"ஒனக்கு வாய் ரொம்ப ஜாஸ்தி," என்று பேனாவை மூடினார்.

வெளியே வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலிக்காரி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளி வைத்தாள். அன்று வேறு ஒரு தப்பைத் தேடிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார் சார். அவர் திரையில் பாதியை அடைத்துக்கொண்டு மஞ்சள் எழுத்து வந்து நின்றது. பாக்கி இருந்த அந்த ஒன்று யாருடைய மாற்றம் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அண்ணாச்சி உள்ளேயிருந்து கோபம் தணியாத குரலில் கேட்டார். "யாருவே அது?"

சார் திரும்பவில்லை. பார்கோடு ஸ்கேனரைக் கையில் எடுத்துக்கொண்டே, அவரிடமிருந்து நான் எதிர்பார்க்காத குரலில், சத்தமாகவே சொன்னார்.

"இன்னும் முடியல அண்ணாச்சி. ஒண்ணு பாக்க வேண்டியிருக்கு."

என் கடிதம் இன்னும் அந்தக் கண்ணாடிக்கு அடியில்தான் கிடக்கிறது. கையெழுத்து ஆகவில்லை. நாளைக்குப் பேனாவைத் திறந்துகொண்டு அவர் மறுபடி கேட்டாலும், மாற்ற மாட்டேன் என்றுதான் சொல்வேன்.